அம்மாவுக்காக மிச்சிகனில் கஞ்சா ‘பராமரிப்பாளர்’ ஆகப் பெயர் கொடுக்கலாமா?

கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: மிச்சிகன் மாநிலத்தில் கேன்டனில் குடியிருக்கிறார். ஹெச்-1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் காத்திருப்பு. அக்கா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், ட்ராய் நகரில் இருக்கிறார்; அவர் மூலமாக அம்மாவுக்குக் கிரீன் கார்டு கிடைத்திருக்கிறது. அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். கீமோ ஏற்றிய மூன்று நாளும் வாந்தி, ஒரு வாய் கஞ்சி நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: “மாநிலத்திடம் மருத்துவ கஞ்சா அட்டை எடுங்கள், மகன் நீங்களே பராமரிப்பாளராகப் பதிந்துகொள்ளுங்கள், எல்லாம் சட்டப்படி.” செய்யலாமா என்பது கேள்வி.

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. நீங்கள் பராமரிப்பாளராகப் பெயர் கொடுக்காதீர்கள். அம்மாவும் குடிவரவு வக்கீல் ஒருவரிடம் பேசாமல் நோயாளிப் பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். வாந்திக்கு வேறு மருந்து இருக்கிறது. அதுவும் இந்தச் செடியின் உறவுதான், ஆனால் மருந்துக்கடையில் சீட்டுக் கொடுத்து வாங்கலாம். அதையும் கீழே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் அல்ல. டெட்ராய்ட் வட்டாரத்தில் புற்றுநோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகச் சமூகப்பணியாளராக இருக்கிறேன். இந்த விண்ணப்பப் படிவத்தை எத்தனையோ குடும்பங்களோடு உட்கார்ந்து நிரப்பியிருக்கிறேன், சிலரிடம் நிரப்பாதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. மாநிலச் சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. அவர் இங்கே பிறந்தவராக இருக்கக்கூடும். அவருக்கு மாநிலம், வாஷிங்டன் (அதாவது மத்திய அரசு) என்ற இரண்டு சட்டங்களும் ஒரே நேரத்தில் தலைமேல் நிற்பது தினசரிக் கவலை இல்லை. நமக்கு அது அன்றாடக் கவலை.

மிச்சிகனில் இது எப்படி வந்தது என்று தெரிந்தால் அந்த அட்டை எதைக் காக்கும், எதைக் காக்காது என்பது புரியும். 2008 நவம்பரில் மக்கள் நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம் இது. சுமார் 63 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். சட்டமன்றம் எழுதிய சட்டமாக இருந்திருந்தால் அடுத்த ஆண்டே மாற்றியிருப்பார்கள். மக்கள் முன்வைத்து நிறைவேற்றிய சட்டத்தைச் சட்டமன்றம் திருத்த வேண்டுமென்றால் இரு அவைகளிலும் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்று மிச்சிகன் அரசியலமைப்பு சொல்கிறது. அதனால்தான் இதன் அடிப்படை அமைப்பு இத்தனை ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. 2009 ஏப்ரலில் முதல் விண்ணப்பங்களை வாங்க ஆரம்பித்தார்கள். ஆரம்பத்தில் சமுதாய சுகாதாரத் துறை நடத்தியது. இன்று மாநிலத் தலைநகர் லான்சிங்கில் உள்ள கஞ்சா ஒழுங்குமுறை முகமை நடத்துகிறது.

அந்தச் சட்டம் கடை எதையும் திறக்கவில்லை. எல்லாரும் மறந்துவிடுகிற விஷயம் இதுதான். ஒரு நோயாளி இரண்டரை அவுன்ஸ் கஞ்சா வைத்துக்கொள்ளலாம், 12 செடி வளர்க்கலாம் என்றது. எங்கே வாங்குவது, முதல் விதை எங்கிருந்து வரும் என்று ஒரு வரி இல்லை. கீமோவில் துவண்டு கிடப்பவர் எங்கே செடி வளர்ப்பார்? அதற்காகத்தான் ‘முதன்மைப் பராமரிப்பாளர்’ என்ற ஒருவரைச் சட்டம் உருவாக்கியது. நோயாளிக்காக அவர் வளர்ப்பார். செலவுக்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம், அது போதைப்பொருள் விற்பனையாகாது. ஒருவர் அதிகபட்சம் ஐந்து நோயாளிகளுக்குப் பராமரிப்பாளராக இருக்கலாம். ஒவ்வொருவருக்கும் 12 செடி என்றால் 60. அவரே நோயாளியாகவும் இருந்தால் 72.

பராமரிப்பாளர் என்ற சொல்தான் நம் ஆட்களைக் குழப்புகிறது. நம் காதில் அது விழும்போது, தலையணையைச் சரிசெய்கிறவர், ரசம் வைத்துக்கொடுக்கிறவர், வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவுகிறவர் என்றுதான் தோன்றும். கலிபோர்னியாவின் 1996 சட்டத்தில் அந்தப் பொருள் ஓரளவு உண்டு. நோயாளியின் இருப்பிடம், உடல்நலம், பாதுகாப்பு இவற்றுக்குத் தொடர்ந்து பொறுப்பேற்றவர்தான் அங்கே பராமரிப்பாளர். 2008இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கஞ்சா கொடுப்பதை மட்டும் செய்கிறவர் பராமரிப்பாளர் ஆகமாட்டார் என்றது. மிச்சிகனில் அப்படியில்லை. 21 வயது நிறைந்த, நோயாளியின் கஞ்சாப் பயன்பாட்டுக்கு உதவ ஒப்புக்கொண்ட, கடந்த 10 ஆண்டுகளில் பெருங்குற்றத் தண்டனை இல்லாத, போதைப்பொருள் குற்றத்திலோ தாக்குதல் குற்றத்திலோ எப்போதுமே பெருங்குற்றத் தண்டனை பெறாத எவரும் பராமரிப்பாளர் ஆகலாம். அவர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே இருக்கலாம். உள்ளபடியே சொன்னால், மிச்சிகனில் பராமரிப்பாளர் என்றால் வளர்த்துக் கொடுப்பவர். நீங்கள் அந்தக் கட்டத்தில் கையெழுத்திட்டால் “நான் என் அம்மாவைக் கவனித்துக்கொள்கிறேன்” என்று எழுதிக்கொடுத்ததாக ஆகாது. “இன்னொருவருக்குக் கஞ்சா வளர்த்தோ வாங்கியோ கொடுக்க ஒப்புக்கொள்கிறேன்” என்று அரசாங்கப் படிவத்தில் எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

அந்தப் படிவத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது: செடிகள் யார் பொறுப்பில் இருக்கும், நோயாளியா, பராமரிப்பாளரா? ஒருவரைத்தான் குறிக்க முடியும். பராமரிப்பாளர் என்று குறித்துவிட்டு அம்மா பால்கனியில் ஒரு தொட்டி வைத்தால் அந்தத் தொட்டிக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. வளர்க்கும் இடத்துக்கும் விதி உண்டு. நான்கு பக்கமும் அடைத்த, பூட்டுப் போட்ட இடமாக இருக்கவேண்டும். அலமாரியோ அறையோ ஆகலாம். வெளியே வளர்த்தால் வேலி வேண்டும், பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது.

பதிவு முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிச்சிகனில் உரிமம் பெற்ற எம்.டி. அல்லது டி.ஓ. (ஆஸ்டியோபதி) மருத்துவர் ஒருவர் எழுத்துமூலச் சான்று தரவேண்டும். இது மருந்துச் சீட்டு இல்லை. மத்தியச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது மருத்துவப் பயன் இல்லாதவை என்று ஒதுக்கிய போதைப்பொருள் பட்டியலில், உள்ள பொருளுக்கு எந்த மருத்துவரும் சீட்டு எழுத முடியாது. “இவருக்கு இந்த நோய் இருக்கிறது, கஞ்சாவால் பயன் கிடைக்கக்கூடும்” என்ற கருத்துதான் அது. மருத்துவர் அப்படிக் கருத்துச் சொல்வதைப் பேச்சுரிமையாகக் கருதி 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பாதுகாத்தது. நாடு முழுவதும் இந்தச் சான்று முறை ஓடுவது அந்தத் தீர்ப்பின் தோளில்தான். புற்றுநோய், கண் அழுத்த நோய், ஹெச்.ஐ.வி., ஏ.எல்.எஸ்., கடும் தொடர்வலி, கடும் குமட்டல், வலிப்பு எனப் பட்டியல் 2008இலிருந்தே உண்டு; 2018இல் ஆட்டிசம், பார்க்கின்சன் உட்பட 11 நோய்களைச் சேர்த்தார்கள். அம்மா விஷயத்தில் தகுதிக்குக் கேள்வியே இல்லை. விண்ணப்பக் கட்டணம் ஆரம்பத்தில் 100 டாலர், இப்போது 40. அட்டை இரண்டு ஆண்டு செல்லும். சரியான விண்ணப்பம் கொடுத்து 20 நாளில் பதில் வராவிட்டால் விண்ணப்பத்தின் நகலே அட்டையாகக் கருதப்படும். சோர்ந்துபோன நோயாளியை அரசு அலுவலகம் காக்கவைக்கக்கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள், அந்த வரியை நான் எப்போதும் மதிப்போடுதான் படிப்பேன். மிச்சிகனில் வசிப்பவர் என்ற ஆதாரம் கட்டாயம். சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வந்திருக்கும் பெற்றோருக்கு இது பொருந்தாது. இதைக் கேட்டு நிறையப் பேர் என்னிடம் வருவதால் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

2012 திருத்தம் மருத்துவர்–நோயாளி உறவு உண்மையானதாக இருக்கவேண்டும் என்று விளக்கமாக எழுதியது: மருத்துவப் பதிவுகளைப் பார்த்திருக்கவேண்டும், நேரில் பரிசோதித்திருக்கவேண்டும், பின்தொடர்ந்து கவனிப்பார் என்ற எதிர்பார்ப்பு இருக்கவேண்டும். அதற்கு முன்பு ஓட்டல் அறையில் வரிசையாக உட்காரவைத்துச் சான்று கொடுத்தார்கள். இன்றும் பத்து நிமிடத்தில் சான்று கொடுக்கும் இடங்கள் உண்டு. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றை அப்படி ஓர் இடத்தில் “இப்போது எல்லாமே சட்டபூர்வம், கவலைப்படாதீர்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் குடியுரிமை இல்லை என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

சரி, அட்டை எதைக் காக்கும்? மாநிலக் காவல்துறையிடமிருந்து, மாநில வழக்கிலிருந்து. அதுகூட முழுக் கவசம் அல்ல. சட்டத்தின் நான்காம் பிரிவு கைதாகாமலே காக்கும், எட்டாம் பிரிவு நீதிமன்றத்தில் வாதமாக நிற்கும். 2015இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் ஹார்ட்விக், டட்டில் என்ற இரண்டு வழக்குகளைச் சேர்த்துத் தீர்ப்பளித்தது. அட்டை இருப்பது மட்டும் போதாது. அளவு சரியா, பூட்டிய இடமா, மருத்துவத்துக்குத்தான் பயன்பட்டதா என்பதையெல்லாம் குற்றம்சாட்டப்பட்டவரே நிரூபிக்கவேண்டும் என்றது. அளவு சரியா என்ற இடத்தில்தான் பராமரிப்பாளர்கள் விழுவார்கள். 12 செடி ஒரே சமயம் அறுவடையானால் இரண்டரை அவுன்ஸுக்கு எத்தனையோ மடங்கு வரும். சட்டம் வளர்க்க அனுமதித்த செடியின் விளைச்சலே சட்டம் வைத்த வரம்பை மீறும்.

உங்கள் அம்மா போன்றவர்களை நேராகத் தொடும் இன்னொரு தீர்ப்பும் உண்டு. 2013இல் கஞ்சாச் சாறு கலந்து செய்த பிரௌனி வைத்திருந்தவர் வழக்கில், அந்தப் பலகாரம் ‘பயன்படுத்தத்தக்க கஞ்சா’ என்ற வரையறைக்குள் வராது, ஆகவே பாதுகாப்பும் இல்லை என்று மிச்சிகன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதாவது, புகைத்தால் பாதுகாப்பு, விழுங்கினால் இல்லை! புற்றுநோயாளிக்குப் புகை எவ்வளவு கெடுதல் என்று எங்களுக்குத் தெரியும். கீமோவில் வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும்போது, உலர்ந்த கஞ்சாவில் ஒட்டியிருக்கும் பூஞ்சை நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சட்டமன்றம் 2016இல்தான் திருத்தி, உண்ணும் வகைகளையும் சேர்த்தது. நடுவே மூன்றாண்டுகள் நோயாளிகள் அந்த இடுக்கில் மாட்டிக்கிடந்தார்கள்.

அதே 2013இல்தான் நோயாளி நோயாளிக்கு விற்பதும் சட்டத்துக்கு உட்பட்டதில்லை என்று மவுண்ட் பிளசண்ட் ஊர்க் கடை ஒன்றின் வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊருக்கு ஊர் முளைத்திருந்த கடைகள் மூடப்பட்டன, அல்லது கண்டும் காணாமலும் ஓடின. உரிமம் பெற்ற கடைகளுக்கு வழி 2016 சட்டத்தில்தான் பிறந்தது. 2018இல் மக்கள் இன்னொரு முறை வாக்களித்து, 21 வயதானவர் எவரும் கஞ்சா வைத்திருக்கலாம் என்றாக்கினார்கள். 2019 டிசம்பர் 1 முதல் பொதுக் கடைகளில் விற்பனை. 2018 வாக்கில் கிட்டத்தட்ட மூன்று லட்சமாக இருந்த பதிவு நோயாளிகள் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கடையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் போதும் என்றபோது அட்டை எதற்கு என்று பலர் புதுப்பிக்கவில்லை. அட்டை இருந்தால் 10 சதவீதக் கலால் வரி கிடையாது. 18 முதல் 20 வயதானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் அட்டை ஒன்றுதான் வழி. சிறுவர் என்றால் இரண்டு மருத்துவர் சான்றும், பெற்றோரே பராமரிப்பாளராக இருப்பதும் கட்டாயம்.

இதிலிருந்து உங்களுக்கு நேரடியாக ஒன்று தெரியவேண்டும். மாநிலச் சட்டப்படிகூட, உங்கள் அம்மாவுக்கு உதவ நீங்கள் பராமரிப்பாளர் ஆகத் தேவையே இல்லை. பதிவு பெற்ற நோயாளி கஞ்சாவைப் பயன்படுத்த உடனிருந்து உதவுகிறவரைக் கைது செய்யக்கூடாது என்று நான்காம் பிரிவிலேயே இருக்கிறது. 21 வயதானவர் இன்னொரு 21 வயதானவருக்குக் காசு வாங்காமல் இரண்டரை அவுன்ஸ் வரை கொடுக்கலாம் என்று 2018 சட்டமும் சொல்கிறது. பதிவு செய்வதால் கூடுதலாகக் கிடைப்பது அவருக்காகச் செடி வளர்க்கும் உரிமையும், மருத்துவக் கடையில் அவர் பெயரில் வாங்கும் உரிமையும்தான். நீங்கள் கேட்ட வாந்திக்கு இந்த இரண்டுமே வேண்டியதில்லை.

இனி வாஷிங்டன் சட்டத்துக்கு வருகிறேன். நான் அதிக நேரம் செலவிட நினைப்பது இங்கேதான்.

1970 மத்திய போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை முதல் அட்டவணையில் வைத்தது. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய அரசு தடுக்கலாம் என்று 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவும் கலிபோர்னியாவில் தங்கள் சொந்தப் பயனுக்காக வளர்த்த கஞ்சாவை வைத்திருந்த நோயாளிகளின் வழக்கில்தான். 2014 டிசம்பரிலிருந்து நாடாளுமன்றம் வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது: மாநில மருத்துவ கஞ்சாத் திட்டங்களைத் தடுக்க நீதித்துறை தன் பணத்தைச் செலவிடக்கூடாது. எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்தக் கட்டு நீதித்துறையின் பணப்பைக்குத்தான். இங்கே விசா நீட்டிப்பு, கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டை வாங்கிப் பார்ப்பவர்களும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆட்கள்.

குடிவரவுச் சட்டத்தில் போதைப்பொருள் விஷயம் மிகக் கடுமையானது. தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குற்றத்தின் கூறுகளைத் தானே ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் அனுமதிக்கத் தகுதியில்லாதவர் ஆகலாம். கடத்தல், விநியோகம் என்று வந்தால் இன்னும் மோசம்; நம்புவதற்குக் காரணம் இருக்கிறது என்று அதிகாரி கருதினாலே போதும். நீங்கள் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது, எந்த மாநிலத்தின் அல்லது நாட்டின் போதைப்பொருள் சட்டத்தையாவது மீறியிருக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். அதோடு வரும் மருத்துவப் பரிசோதனையில் சிவில் சர்ஜன் (அதற்கென்று அரசு நியமித்த மருத்துவர்) போதைப்பொருள் பயன்பாடு பற்றிக் கேட்பார். பராமரிப்பாளராகப் பதிந்தவர் அந்தக் கேள்விக்கு என்ன எழுதுவார்? ‘இல்லை’ என்று எழுதினால் பொய் சொன்ன குற்றம். அது கஞ்சாவைவிடப் பெரிய பள்ளம், ஆயுள் முழுக்கத் துரத்தும். ‘ஆம்’ என்று எழுதினால் மத்தியச் சட்டத்தில் அது வளர்ப்பு, விநியோகம்.

அம்மாவுக்கு வருவோம். கிரீன் கார்டு கையில் இருக்கிறதே என்று நினைக்கலாம். 2019 ஏப்ரலில் குடியுரிமைச் சேவைத் துறை தன் கொள்கைக் கையேட்டில் வெளிப்படையாகவே எழுதியது: மாநிலச் சட்டத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சா தொடர்பான மத்தியச் சட்ட மீறலை ஒப்புக்கொண்டால் குடியுரிமைக்கு வேண்டிய ‘நன்னடத்தை’யை நிரூபிக்கப் பொதுவாகத் தடையாகும். ஒரே ஒருமுறை, 30 கிராமோ அதற்குக் குறைவோ தன் சொந்தப் பயனுக்கு வைத்திருந்ததற்கு மட்டும் விலக்கு உண்டு. மிச்சிகன் அட்டை அனுமதிக்கும் இரண்டரை அவுன்ஸ் கிட்டத்தட்ட 71 கிராம். மாநிலம் ‘இவ்வளவு வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் அளவு, வாஷிங்டன் மன்னிக்கும் அளவைப் போல் இரு மடங்குக்கும் மேல். 12 செடி வளர்ப்பதற்கு அந்த விலக்கு கொஞ்சமும் பொருந்தாது.

அம்மா கீமோ முடிந்து கொஞ்சம் தேறினால் ஊருக்கு ஒரு நடை போய்வர ஆசைப்படுவார், இல்லையா? பொதுவாகக் கிரீன் கார்டு உள்ளவர் திரும்பி வந்தால் வீட்டுக்கு வந்தவர்தான். ஆனால் இந்த வகைக் குற்றம் செய்தவர் என்று கருதப்பட்டால் புதிதாக அனுமதி கேட்டு வருபவரைப் போல நடத்த சட்டத்தில் இடம் இருக்கிறது. எல்லையில் செல்பேசியைப் பார்க்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அட்டையின் படத்தைப் பேசியில் வைத்திருப்பவர்கள் நிறைய.

“பதிவு ரகசியம்தானே?” என்று அடுத்து கேட்பீர்கள். ரகசியம்தான், அதில் மிச்சிகன் சட்டம் கண்டிப்பானது. தகவலறியும் சட்டத்தின் கீழ்கூட யாரும் பெற முடியாது. காவல்துறை கேட்டால் அட்டை செல்லுமா செல்லாதா என்று மட்டும் சொல்வார்கள். பெயரை வெளியிடும் ஊழியருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 1000 டாலர் வரை அபராதமோ உண்டு. இருந்தும், 2011இல் ஏழு பேரின் பதிவுகளைக் கேட்டு மத்திய போதைப்பொருள் தடுப்பு முகமை அழைப்பாணை அனுப்பியபோது, கொடுத்தாகவேண்டும் என்று மத்திய நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். நம் விஷயத்தில் யாரும் பட்டியலைத் திருடிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. நேர்காணலில் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபின் அதிகாரி கேட்பார், அம்மா பதில் சொல்லவேண்டும். லான்சிங்கில் இருக்கும் பூட்டு அந்த அறைக்கு வராது.

கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்ற 2024 மே மாதம் மத்திய அரசு முன்மொழிந்ததைப் படித்துவிட்டு, இனிப் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அட்டவணை மாறினாலும் குடிவரவுச் சட்டம் பார்ப்பது ‘கட்டுப்படுத்தப்பட்ட பொருள்’ என்ற ஒரே சொல்லைத்தான். முதல் அட்டவணையிலிருந்து ஐந்தாம் அட்டவணை வரை எல்லாமே அதற்குள் அடங்கும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் வைத்திருந்தால் சிக்கல் அப்படியே இருக்கும்.

இப்போது அம்மாவின் வாந்தி. கீமோ வாந்திக்கு ஒண்டான்செட்ரான் தருவார்கள், அதை ஏற்கெனவே கொடுத்திருப்பார்கள். அதற்கு அடங்காவிட்டால் அப்ரெபிடன்ட், ஓலான்சபைன் என்று அடுத்தடுத்த படிகள் உண்டு. பல குடும்பங்கள் ‘மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை’ என்று அங்கேயே நின்றுவிடுகிறார்கள். மருத்துவரிடம் திரும்பிச் சொல்வதில்லை. நம் அம்மாக்கள் “பரவாயில்லை டாக்டர்” என்றுதான் சொல்வார்கள், முந்தின இரவு முழுக்கக் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாலும். தயவுசெய்து அவர் சார்பாக நீங்கள் பேசுங்கள். எத்தனை முறை வாந்தி, எந்த நாள், எவ்வளவு எடை இறங்கியது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத கீமோ வாந்திக்கென்றே 1985இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ட்ரோனாபினால் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. கஞ்சாவின் முக்கியமான வேதிப்பொருளான டி.ஹெச்.சி.யைச் செயற்கையாகச் செய்து குளிகையில் அடைத்தது.  இது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான், ஆனால் மருத்துவர் சீட்டு எழுதலாம், மருந்துக்கடையில் அம்மா பெயர் ஒட்டிய புட்டியில் வாங்கலாம். நேர்காணலில் யார் கேட்டாலும் தலைநிமிர்ந்து பதில் சொல்லலாம். ட்ரோனாபினால் குளிகை எள் எண்ணெயில் கரைத்தது. எள் ஒவ்வாமை இருந்தால் கூடாது. வயதானவர்களுக்குத் தலைசுற்றல், குழப்பம் வரலாம். முதல் சில நாள் இரவில் எழுந்தால் யாராவது கைபிடிக்க இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் சான்று விற்கும் இடங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் முயன்றும் நிற்கவில்லை, அம்மாவே கஞ்சாவை முயன்று பார்க்க விரும்புகிறார் என்றால், முதலில் குடிவரவு வக்கீலிடம் ஒருமணி நேரம். போதைப்பொருள் சட்டமும் குடிவரவுச் சட்டமும் சேரும் இடத்தில் பழக்கமுள்ளவராகப் பாருங்கள். எச்-1பி நீட்டிப்பு மட்டும் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பராமரிப்பாளர் என்று ஒருவர் வேண்டுமென்றால் அது அக்காவாக இருக்கட்டும். குடியுரிமை உள்ள அவருக்குக் குடிவரவுச் சிக்கல் இல்லை. அப்படியானாலும் செடியோ பொட்டலமோ உங்கள் வீட்டிலும் உங்கள் காரிலும் இருக்கவேண்டாம், அதற்கான பணம் உங்கள் வங்கி அட்டையிலிருந்து போகவேண்டாம். அக்கா வேலை பார்க்கும் இடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இருந்து அவரும் பயன்படுத்துகிறவர் என்றால், அட்டை அவர் வேலையைக் காக்காது. மிச்சிகன் சட்டம் தனியார் முதலாளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2012இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், வருத்தத்தோடு. நோய் முற்றி, இனி ஊர் போவதும் குடியுரிமை வாங்குவதும் பேச்சில் இல்லை, வலியில்லாமல் இருந்தால் போதும் என்ற கட்டத்தை ஒருவர் அடைந்தால் கணக்கு மாறிவிடும். அப்படிப்பட்ட கிரீன் கார்டு நோயாளிகள் சிலருக்கு நானே விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், பராமரிப்பாளராகக் குடியுரிமையுள்ள மகளையோ மருமகனையோ போட்டு. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. உங்கள் அம்மா அந்த இடத்தில் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு முன்னால் இன்னும் ஆண்டுகள் இருக்கின்றன என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன்.

எல்லை தாண்டி விண்ட்சருக்குப் போகிற பழக்கம் உங்களுக்கு இருக்கும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். ஆனால் அம்பாசடர் பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ எந்தத் திசையில் கொண்டுபோனாலும் குற்றம், மருத்துவ அட்டை இருந்தாலும். சென்னைக்கு விமானம் ஏறும் அன்று அம்மாவின் கைப்பையை ஒருமுறை முழுக்கக் கொட்டிப் பாருங்கள். யாரோ அன்பாகக் கொடுத்த ஜெல்லி மிட்டாய் டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்துக்கு மிச்சிகன் அட்டை வெறும் பிளாஸ்டிக்.

அடுத்த கீமோ எப்போது? அதற்குச் சில நாள் முன்பே செவிலியர் எண்ணை அழைத்து, “போன சுற்றில் அம்மாவுக்கு வாந்தி அடங்கவில்லை, ஓலான்சபைன் சேர்க்கலாமா, அதற்கும் நிற்காவிட்டால் ட்ரோனாபினால் எழுதித்தர முடியுமா?” என்று கேளுங்கள். காப்பீடு முன் அனுமதி கேட்டால் இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை காத்திருக்காமல் வாரத் தொடக்கத்திலேயே கூப்பிடுங்கள்.